சனத்தொகை பெருகப் பெருக உணவு போதாமல் போகுமா?

போகாது என்றே நினைக்கிறேன். சனத்தொகை பெருக்கல் கணக்கில் கூடும், உணவு கூட்டல் கணக்கில்தான் கூடும் என்று 1798இல் ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸ் எச்சரித்தார். அப்போது உலகில் ஏறத்தாழ 100 கோடிப் பேர். 2022இல் 800 கோடி. இடையில் செயற்கைப் பசளையும் புதிய நெல்லினங்களும் பெரிய குளங்களும் வந்துவிட்டன. இலங்கையின் அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தைக் கட்டிய பிறகு எவ்வளவு காடு வயலானது!

சரி, பயமே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு. 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. அடுத்த பெரும்போகத்தில், அதாவது மாரிகால நெல் பருவத்தில், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விளைச்சல் படுத்துவிட்டது, அரிசி விலை ஏறியது. அந்த வருடம் வயிறுகள் திடீரென்று கூடவில்லை. ஒரு முடிவுதான் சோற்றைக் குறைத்தது.