ரிமோட் டாங்கிக்கு எந்த மோட்டார்: பிரஷ்ஷா, பிரஷ்லெஸ்ஸா?

கேள்வி: என்னிடம் 1/16 அளவு டாங்கி இருக்கிறது. பிரஷ்லெஸ்ஸுக்கு மாறினால் நன்றாக ஓடுமா அண்ணா?

பதில்: வேகமாக ஓடும். ஆனால் நிஜ டாங்கி மணிக்கு 40 கி.மீ. போகிறது என்றால், உங்கள் மாடலுக்கு 2.5 கி.மீ. போதும் தம்பி. அது ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. டாங்கியின் அழகே கனமாக, நிதானமாக ஊர்வதில்தான் இருக்கிறது. பிரஷ் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசித்தான் சுருளுக்கு மின்சாரம் போகும், பிரஷ்லெஸ்ஸில் அந்த உரசல் இல்லை. பிரஷ் மோட்டார் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தாலே மெல்லக் கிளம்பிவிடும். சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் அப்படியில்லை. அது சுற்றும்போது உண்டாகும் எதிர் மின்னழுத்தத்தை வைத்துத்தான் ரோட்டார் (மோட்டாரின் சுழலும் பகுதி) எங்கே இருக்கிறது என்று இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) கண்டுபிடிக்கும். நிற்கும்போது அந்த மின்னழுத்தமே கிடையாது. அதனால் கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கும். என் ஓட்டு பிரஷ்ஷுக்குத்தான்.

கேள்வி: சென்சார் உள்ள பிரஷ்லெஸ் என்றால்?

பதில்: அதில் ஹால் சென்சார் ரோட்டாரின் நிலையைச் சொல்லிக்கொண்டே இருப்பதால் அருமையாக ஊரும். ஆனால் இஎஸ்சியைப் பார்த்து வாங்குங்கள், பலர் கோட்டை விடுவது அங்கேதான். நின்ற இடத்திலேயே திரும்ப ஒரு டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) முன்னாலும் மறுடிராக் பின்னாலும் சுழல வேண்டும். கார் இஎஸ்சிகள் பலவற்றில் முதலில் பிரேக் பிடிக்கும், ரிமோட்டின் குச்சியை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி இழுத்தால்தான் ரிவர்ஸ் வரும். டாங்கியில் அது சரிவராது. உடனே ரிவர்ஸ் ஆகும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், டிராக்குக்கு ஒன்றாக வைக்கும் இரண்டு இஎஸ்சியிலும் ரிசீவருக்கு மின்சாரம் தரும் பெக் (BEC) சுற்று இருந்தால் ஒன்றின் சிவப்பு வயரைக் கழற்றிவிடுவது நல்லது.

கேள்வி: பிரஷ் சீக்கிரம் தேய்ந்துவிடாதா?

பதில்: தேயும்தான். ஆனால் டாங்கி ஓட்டுகிற வேகத்துக்கு அது பெரிய கவலை இல்லை. அதைவிட ஆபத்து, டிராக்கில் கல் சிக்கி நிற்கும்போது குச்சியை அழுத்திக்கொண்டே இருப்பது. சுற்றாமல் நிற்கும் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து, சுருள் கருகிவிடும். உடனே விட்டுவிடுங்கள். மாற்ற வேண்டி வந்தால் இரண்டு பக்க மோட்டாரையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கேள்வி: வண்டி ஓடும்போது டரட் (பீரங்கி உள்ள சுழலும் மேல்பகுதி) தானாகத் துடிக்கிறது.

பதில்: பிரஷ்ஷில் வரும் தீப்பொறியின் இரைச்சலாக இருக்கலாம். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை சால்டர் செய்து பாருங்கள்.