எல்லாவற்றுக்கும் "ஓம்" போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 36. சில வருடங்களாக எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கிறேன். கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்த கணவருக்கும் இருக்கிறது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. போன மாதம் கிளினிக்கில் ஒரு பிள்ளை வந்து, எங்களைப் போன்ற பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறார்களாம், ஒரு மணித்தியாலம் கதைக்கலாமா என்று கேட்டா. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பேர் வெளியே போனால் மாமியார் வீட்டில் இருக்க ஏலாது. மாட்டேன் என்றால் மருந்தை நிறுத்துவார்களோ? இதனால் எனக்கு என்ன பிரயோசனம்?
– பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: மருந்து நிற்காது, தங்கச்சி. ஆய்வு வேறு, வைத்தியம் வேறு. மாட்டேன் என்றாலும், பாதியில் எழும்பி வந்தாலும், அரச கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கும் இலவச மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சம்மதப் பத்திரத்திலேயே இது எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் அந்த ஆய்வே வேண்டாம்.

பிரயோசனம் என்று பார்த்தால், உங்கள் கைக்கு நேரடியாக வருவது பஸ் காசாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெண்களை விட்டுவிட்டு மருந்தைச் சோதித்த காலமும் இருந்தது: அமெரிக்காவில் 1977 முதல் 1993 வரை, பிள்ளை பெறக்கூடிய பெண்களை மருந்துப் பரிசோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் பெரும்பாலும் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். 2018இல் டொலுடெக்ராவிர் என்ற நல்ல எச்.ஐ.வி. மருந்து கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்குமோ என்று போட்ஸ்வானாவில் ஒரு சந்தேகம் எழுந்தது. உடனே பல நாடுகள் அதைப் பெண்களுக்குக் கொடுக்கத் தயங்கின. ஆயிரக்கணக்கான தாய்மாரின் பிரசவங்களைத் தொடர்ந்து பதிந்த பிறகுதான் அந்தப் பயம் நீங்கியது. அந்தத் தாய்மார் விவரம் தர மறுத்திருந்தால் இன்றைக்கும் சந்தேகத்திலேயே நின்றிருப்போம்.

போவதானால் உள்ளதைச் சொல்லுங்கள். தென்னாபிரிக்கா, உகண்டா, சிம்பாப்வேயில் ஐயாயிரம் பெண்களோடு 'வொய்ஸ்' என்று ஓர் ஆய்வு நடந்தது. தொற்று வராமல் தடுக்கும் மருந்தை ஒழுங்காகப் பாவிக்கிறீர்களா என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது பங்கு "ஓம்" என்றுதான் பதில் வந்தது. இரத்தத்தைச் சோதித்தால் மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை. பிறகு ஆறுதலாக இருத்திக் கேட்டபோதுதான், குளிசையைக் கண்டால் எனக்கு எச்.ஐ.வி. என்று ஊர் நினைக்கும் என்ற பயம் வெளியே வந்தது. அந்தப் பெண்களில் நான் பிழை சொல்லமாட்டேன். கேட்பவரின் மனம் நோகாமல் பதில் சொல்லித்தானே நாங்களும் வளர்ந்தோம்? ஆனாலும் பொய்யாக ஓர் "ஓம்" சொல்வதைவிட "இந்தக் கேள்வியை விடுங்கோ" என்பது எவ்வளவோ மேல். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருவோம். கொழும்பில் தமிழாட்கள் ஒருவருக்கொருவர் எப்படியோ சொந்தம், அதனால் உங்கள் பயம் வீண் பயம் இல்லை. கேள்வி கேட்பவர் யார், எந்த இடம் என்று முதலில் விசாரியுங்கள். தெரிந்த முகமென்றால் வேறொருவரைக் கேளுங்கள். கேட்பவருக்குத் தமிழ் தெரியாமல், பக்கத்தில் நிற்கும் ஒருவரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், தயங்காமல் மாட்டேன் என்று சொல்லுங்கள். அது இன்னொரு சோடிக் காது. வினாக்கொத்தில் பேருக்குப் பதிலாக இலக்கம் மட்டும் இருக்கட்டும். கையெழுத்தும் பேர்தான் என்பதால், வாய்மொழிச் சம்மதம் போதுமா என்று கேளுங்கள். குரலைப் பதிவதானால் எப்போது அழிப்பார்கள் என்றும் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் எடுக்கும் ஃபோன் நம்பரைக் கொடுக்கவே வேண்டாம்.

ஆய்வில் சேருபவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு ஒன்று இருக்க வேண்டும்; எந்தக் குழு அனுமதி கொடுத்தது என்பதும் சம்மதப் பத்திரத்தில் இருக்கும். உதாரணத்துக்கு, கின்சி வீதியிலுள்ள கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. பத்திரத்தைத் தமிழில் வாங்கி வாசியுங்கள். இரத்தம் எடுப்பது, புது மருந்து தருவது என்று பேச்சு வந்தால் அது வேறு கதை. உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

கணவரின் அனுமதி தேவையில்லை. ஆனால் நீங்கள் சொல்லப்போவதில் அவருடைய கதையும் இருப்பதால், முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவைக்கலாம்.

மனம் வந்தால் மருந்து எடுக்கப் போகும் நாளிலேயே நேரம் கேளுங்கள். வேறொரு நாள் தனியாக வெளிக்கிட்டால் மாமியாருக்கு இன்னொரு சாட்டுத் தேட வேண்டிவரும்.