ஏறின கியரிலேயே இறங்குங்க: லாரி ஓட்டினவனிடம் கேட்டவை

1992-ல் கிளீனராக வண்டி ஏறினேன். 1997-லிருந்து 2023 வரை ஸ்டியரிங் பிடித்தேன். நாகர்கோவில், மார்த்தாண்டத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி லூதியானா, ஜலந்தர் போவது, திரும்பும்போது கிடைத்த லோடு, இதுதான் பிழைப்பு. இப்போது முதுகுத் தட்டு தேய்ந்துபோய் உள்ளூரோடு சரி. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சும்மாதான் இருக்கிறேன், லாரி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய் விட்டது நான்தான். பதில் தெரிந்ததற்குச் சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து: நம்ம ஊரிலிருந்து டெல்லி போக எத்தனை நாள், எந்த வழி?

இப்போது வழி கேட்கவே வேண்டாம். காவல்கிணறில் ஏறினால் 44-ஆம் நம்பர் ரோடு. மதுரை, சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா என்று விடாமல் கூட்டிக்கொண்டு போய்விடும். நான் ஏறின காலத்தில் அது 7-ஆம் நம்பர், வாரணாசியில் போய் முடியும். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வரை 47பி. 2010-ல் நம்பர் எல்லாம் மாற்றினார்கள். எங்களுக்கு நாக்கு மாற இன்னும் ஐந்தாறு வருடம் ஆனது, இன்றைக்கும் "செவன்ல ஏறிட்டியா" என்றுதான் கேட்கிறோம்.

நாள் கணக்கு: ஒற்றை ரோடு காலத்தில் ஒன்பது, பத்து நாள். இரண்டு டிரைவர் மாறி மாறி ஓட்டினால் இப்போது ஐந்து, ஆறு. ஒரே டிரைவர் ஐந்து நாளில் போனேன் என்று யாராவது சொன்னால் அவனோடு வண்டி ஏறாதீர்கள்.

குலசேகரத்திலிருந்து: தோப்பூர் கணவாயில் ஏன் இத்தனை விபத்து? ரோடு சரியில்லையா?

ரோட்டில் வளைவும் இருக்கிறது, சரிவும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிக் காரணம் கியர் கம்பியில் இருக்கிறது.

பல இடங்களில் ஓனர் ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று கணக்குப் பண்ணிக் கொடுப்பார். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு. பேட்டா போதாதவன் எங்கே மிச்சம் பிடிப்பான்? இறக்கத்தில். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது நியூட்ரலில் தள்ளுவான். வண்டி சும்மா ஓடுகிற மாதிரி இருக்கும். அப்புறம் பிரேக்கை மிதிப்பான், விடுவான், மிதிப்பான். ஏர் பிரேக் வண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று போகும். எஞ்சின் ஐடிலிங்கில் கிடந்தால் கம்ப்ரஸர் அதே வேகத்தில் காற்றை நிரப்பாது. எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) கியரில் இருந்தால்தான் பிடிக்கும், நியூட்ரலில் அது சும்மா. மொத்தப் பாரமும் சக்கரத்தின் பிரேக் டிரம் மேலே. டிரம் சூடேறி, லைனர் கருகுகிற வாசம் கேபினுக்குள் வரும். அந்த வாசம் ஒரு தடவை மூக்கில் ஏறினவன் மறக்க மாட்டான். அது வந்த பிறகு பெடல் மரக்கட்டை மாதிரி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. சாவியையே திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிற புத்திசாலிகளும் இருந்தார்கள். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும்.

என் ஆசான் எனக்குச் சொல்லித் தந்தது ஒரே வரி: எந்தக் கியரில் ஏறுவியோ அந்தக் கியரில் இறங்கு.

கல்லூரி மாணவர்: நியூட்ரலில் மைலேஜ் கூடும்தானே?

இப்போதுதானே சொன்னேன். சரி, கணக்காகவே சொல்கிறேன். இப்போதைய வண்டிகளில் டீசலை விடுவது கம்ப்யூட்டர். கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே எஞ்சினைச் சுற்றும், டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரல் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். ஆக மிச்சமும் இல்லை, உயிரும் இல்லை.

நாலைந்து பேர்: ஹெவி லைசன்ஸ் எப்படி எடுப்பது, வேலை கிடைக்குமா?

20 வயது ஆகியிருக்க வேண்டும், கார் லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்கணும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். மற்றதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். வேலையா? டிரைவர் கிடைக்காமல் வண்டிகள் வெறுமனே நிற்கின்றன. ஏன் கிடைக்கவில்லை என்று முதலில் யோசியுங்கள்.

ஈத்தாமொழியிலிருந்து ஒரு சகோதரி: வீட்டுக்காரர் லாங் போகிறார். ராத்திரி ஃபோன் எடுக்க மாட்டேன் என்கிறார். பயமாக இருக்கிறது.

பிள்ளே, எடுக்காமல் இருப்பதுதான் நல்லது. எடுத்தால்தான் பயப்படணும்.

ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட நிறுத்தும்போது அவரே கூப்பிடட்டும், ராத்திரி ஒன்பதோ பத்தோ. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை வண்டியை ஓரம் கட்டிப் படுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கண் திறந்தே இருக்கும், மூளை தூங்கும், எதிரே வருகிற லைட் இரண்டா ஒன்றா என்று தெரியாது. சட்டத்தில் 1961-லிருந்தே மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. அதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம், அது வேறு.

எங்கள் காலத்தில் நான்கு நாளைக்கு ஒரு தடவை எஸ்.டி.டி. பூத். பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டு, "கூப்பிடுங்க, பத்து நிமிஷத்தில் திரும்பப் பண்றேன்" என்று வைத்துவிட்டு, கர்னூல் வெயிலில் பூத் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். திரும்பப் பண்ணினால் மூத்த பிள்ளை எடுத்து ஒன்றும் பேசாது, மூச்சு மட்டும் கேட்கும். கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும். இப்போது பையன்கள் வீடியோவில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். பொறாமையாகவும் இருக்கிறது, அடிக்கவும் தோன்றுகிறது. நிறுத்திவிட்டுப் பார் மக்கா.

பைக்குக்கு எந்த டயர் நல்லது?

டயர் கடையில் கேளுங்கள்.

களியக்காவிளையிலிருந்து: ஜி.எஸ்.டி. வந்ததும் நிஜமாகவே வேகம் கூடியதா?

எல்லையில் கூடியது. 2017 ஜூலைக்கு முன்பு களியக்காவிளை தாண்டினால் லாரி வரிசை. மீன் வண்டிக்காரன் பாடுதான் பரிதாபம், ஐஸ் உருகி ரோடெல்லாம் ஒழுகும், அதில் பைக்கில் வருகிறவன் வழுக்குவான். பில்லும் கையுமாகக் கிளீனர் ஓடி வரிசையில் நிற்பான். நான் கிளீனராக இருந்தபோது பாதி வேலை அதுதான். இப்போது ஈ-வே பில், அதாவது சரக்குக்கு ஆன்லைனில் எடுக்கிற சீட்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். வழியில் வண்டி படுத்துவிட்டால் நேரத்தை நீட்டிக்க மறந்துவிடாதீர்கள். டோலில் 2021-லிருந்து பாஸ்டாக். நாங்குநேரியில் சில்லறை இல்லை என்று சண்டை போட்டதெல்லாம் பழங்கதை.

ஒன்று மட்டும்: காகித வேலை போனதும் கிளீனரும் போய்விட்டான். அது யார் கண்ணிலும் படவில்லை. இடது பக்கத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பாடியைத் தட்ட ஆள் இல்லை. ஒரு தட்டு நிறுத்து, இரண்டு தட்டு வரலாம். டிரைவர் ஆவதற்கும் வேறு பள்ளிக்கூடம் கிடையாது, அந்த இடது சீட்டுதான்.

வெள்ளமடத்திலிருந்து: முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் முந்தலாமா கூடாதா?

இந்த ஒரு கேள்வியால் மத்தியானச் சாப்பாடு போச்சு. நான் முதலில் சொன்னது இது: நம்ம பக்கம் இடது போட்டால் "முந்திப் போ", வலது போட்டால் "எதிரே வண்டி வருது, பொறு". வடக்கே வலது போட்டால் "போ".

2001-ல் நாக்பூருக்குத் தெற்கே ஹிங்கன்காட் பக்கம், ஒற்றை ரோடு, முன்னால் ஒரு பஞ்சாப் வண்டி வலது போட்டது. நான் பொறுத்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டது. மறுபடியும் பொறுத்தேன். "அண்ணே, போகச் சொல்றான்னு தோணுது" என்றான் கிளீனர். "எலேய், அவன் வேண்டாங்கான்" என்றேன். அரை மணி நேரம் இப்படியே. கடைசியில் அந்த சர்தார் கையை முழுசாக வெளியே நீட்டி வீசினார். தாண்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார், பாஷையே தேவைப்படவில்லை.

சரி, படித்துக்கொண்டோம் என்று அடுத்த நடையில் அங்கேயே இன்னொருவன் வலது போட்டதும் ஏறினேன். அவன் உண்மையிலேயே வலது பக்கம் பெட்ரோல் பங்குக்குள் திரும்பினான். பக்கக் கண்ணாடி உடைந்ததோடு போனது.

மார்த்தாண்டம் டிரைவர் ஒருவர் (என்னைவிட சீனியர்): இடது போட்டுக் காட்டுவது உதவி. அதைத் தப்பு மாதிரி எழுதாதே.

தப்பு என்று சொல்லவில்லை அண்ணே. பழக்கம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்கிறேன்.

கல்லூரி மாணவர் மறுபடி: சட்டம் என்ன சொல்கிறது?

நல்ல கேள்வி, இதற்குத்தான் உன்னை மன்னிக்கிறேன். 1989-ல் போட்ட சாலை விதியில் (2017-ல் அதற்குப் பதில் புது விதி வந்துவிட்டது) பின்னால் வருகிறவனை முந்தச் சொல்ல ஒரு கைச்சைகை இருந்தது: வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னுமாக வீச வேண்டும். அந்த சர்தார் செய்தது அதைத்தான். கை வலது பக்கம் நீள்வதால் லைட்டும் வலது என்று வடக்கே ஆகியிருக்கும் என்பது என் ஊகம். நம்ம ஆட்கள் "நான் இடது ஒதுங்குகிறேன், நீ போ" என்று இடதைப் பிடித்தார்கள். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. இண்டிகேட்டர் திரும்புவதற்கு மட்டும் என்று இருந்தால் ஒரு குழப்பமும் இல்லை.

மார்த்தாண்டம் அண்ணன்: வில்லுக்குறியிலிருந்து களியக்காவிளை வரை ரோடு கிடக்கிற கிடப்பில், பின்னால் வருகிற காருக்கு எதிரே என்ன வருதுன்னு தெரியுமா? உனக்கு உயரத்தில் தெரியுது. சொல்லாமல் இருப்பியா? அவன் தானாக ஏறிச் சாவான்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான்கு வழி ரோட்டில் நான் சொல்வது சரி, அந்த ரோட்டில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் அண்ணே, நீங்கள் இடது போட்டதும் காரோட்டி உங்களை நம்பி ஏறுகிறான். இடையில் சந்திலிருந்து ஆட்டோ வந்தால் அது யார் கணக்கில்? காரில் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: லாரிக்காரன் எந்த லைட்டைப் போட்டாலும், ரோடு உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஏறாதீர்கள்.

பாறசாலையிலிருந்து: கையைக் காட்டினால் முடிந்ததே?

ஏசி கேபினில் கண்ணாடியை இறக்கி யார் கை காட்டுவார்? 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற பெரிய லாரி எல்லாவற்றுக்கும் ஏசி கேபின் கட்டாயம். நான் அதற்கு எதிரி இல்லை, மே மாதம் நாக்பூரில் எஞ்சின் சூடு காலில் அடிக்க ஓட்டினவன் யாரும் எதிர்க்க மாட்டான். ஆனால் கண்ணாடி ஏறினதும் கை உள்ளே போய்விட்டது. எதிரே வருகிற நம்ம ஊர் வண்டியைப் பார்த்துக் கத்துவதும், "முன்னால் செக்கிங்" என்று விரலைச் சுழற்றிக் காட்டுவதும் போச்சு. இப்போது எல்லாம் வாட்ஸ்அப் குரூப்.

மேலும் மூன்று பேர்: இடதா வலதா?

மேலே படியுங்கள்.

லைசன்ஸ் எடுக்க எவ்வளவு செலவாகும்?

மேலே படியுங்கள் என்றேன்.

ஆட்புளூ என்றால் என்ன, தண்ணீர் கலக்கலாமா?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 லாரிகளில் புகையைச் சுத்தம் பண்ணத் தனி டேங்கில் ஊற்றுகிற யூரியாத் தண்ணீர். கலக்கக் கூடாது. கலந்தால் வண்டி கண்டுபிடித்து இழுவையைக் குறைத்துவிடும், ஏற்றத்தில் நின்று அழுவீர்கள்.

தோவாளையிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, இன்றைக்கு ராத்திரி முதல் நடை. பிக்கப்பில் காலியாக மதுரை மாட்டுத்தாவணி போய் விடியறதுக்குள்ள பூ ஏற்றி வரணும். ஏதாவது சொல்லுங்க.

காலியாகப் போவதுதான் கவனம். ஆரல்வாய்மொழி கணவாயில் கரண்டு எடுக்கிற காற்றாடி சும்மா வைக்கவில்லை. ஆடிக் காற்றில் முப்பந்தல் பக்கம் காலி கண்டெய்னர் பக்கவாட்டில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன், பின் சக்கரம் ஒரு பக்கம் தூக்கின மாதிரி. பாரம் இருந்தால் வண்டி நிற்கும், காலி வண்டிக்குத்தான் காற்று விளையாட்டு. பெரிய லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்றே இருக்காது, அதைத் தாண்டின நொடி பக்கத்திலிருந்து அறையும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடி, வெட்டித் திருப்பாதே. தார்ப்பாயைச் சும்மா போர்த்திக்கொண்டு போகாதே, மடித்துக் கட்டு. முப்பந்தலில் இசக்கியம்மனுக்கு எல்லோரும் நிறுத்துவார்கள், நீயும் நிறுத்து. கும்பிடுவது உன் இஷ்டம், இறங்கிக் கயிறைப் பார்.

எத்தனை மணி ஆனாலும் போய்ச் சேர்ந்து ஒரு மெசேஜ் போடு. ஓட்டிக்கொண்டே போடாதே.

(ராத்திரி 1.10: வந்துட்டான். கயிறு முப்பந்தலில் அவிழ்ந்திருந்ததாம். பூ விலை கேட்டுக்கொண்டிருக்கிறான்.)