பரண் மேல இருந்து: வாசகர் கேள்வி பதில்

காரைக்குடியில பழைய சாமான் பழுதுபாக்குற பட்டறை வச்சிருக்கிற அண்ணன் இந்த வாரமும் பதில் சொல்றாரு.

எங்க ஆயா வீட்ல இருந்து செம்புத் தவலை, பித்தளை அண்டா, அடுக்குச்சட்டி எல்லாம் எனக்கு வந்திருக்கு அண்ணே. அம்மா கல்யாணத்துல சாமான் பரப்புனப்ப வச்சது. உள்ள ஈயம் போய் செம்பு தெரியுது. இதுல சமைக்கலாமா, இல்ல பாலிஷ் போட்டு ஹால்ல வச்சிரவா?
*வாசகி, தேவகோட்டை*

ஈயம் போன பாத்திரத்துல சமைக்காதீங்க ஆச்சி. தண்ணி வச்சு குடிச்சா பரவாயில்ல, புளி தக்காளி மோர்னு புளிப்பு எது பட்டாலும் செம்பு கரைஞ்சு இறங்கும், களிம்பு ஏறும், வாந்தி வயித்துவலின்னு போய் நிக்கும். ஆனா அதுக்காக ஹால்ல பொம்மை மாதிரி வைக்கணும்னு ஒன்னும் இல்ல, ஈயம் பூசிட்டா இன்னும் பல வருஷம் அடுப்புல ஏறும்.

பூசுற ஆளுங்க முன்னாடி தெருத்தெருவா வருவாக, வீட்டு வாசல்லயே குழி தோண்டி கரி போட்டு துருத்தி வச்சு ஊதுவாக, இப்ப தேடித்தான் பிடிக்கணும். நான் அனுப்புற பெரியவர் வேலை செய்யறத ஒரு நாள் பூரா உக்காந்து பாத்தேன். முதல்ல பழைய ஈயத்தையும் கரியையும் மணலும் புளியும் போட்டு காலால தேய்ச்சு எடுக்குறாரு, அதுவே பாதி வேலை. அப்புறம் பாத்திரத்த குறடால பிடிச்சு நெருப்புல காட்டி, சூடு ஏறுனதும் நவச்சாரப் பொடிய தூவுறாரு, குப்புனு வெள்ளைப் புகை வரும், கண்ணு எரியும், அந்தப் புகை அடங்குறதுக்குள்ள ஈயக்குச்சிய உள்ள ஒரு இழுப்பு, பஞ்சால ஒரு சுத்து, அவ்வளவுதான், செவப்பா இருந்தது கண்ணு முன்னாடியே வெள்ளியா மாறிருது. பூசுற வெள்ளீயம் (டின்) 232 டிகிரியிலயே உருகிரும், அதனால சூடு கூடிப்போச்சுன்னா மஞ்சளடிச்சுரும், கம்மியா இருந்தா திட்டுத்திட்டா நிக்கும். அவர்கிட்ட தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது, புகை எப்படி எந்திரிக்குதுன்னு பாத்தே சூட்ட சொல்லிருவாரு.

ஒரு விஷயத்துல மட்டும் ஏமாந்துறாதீங்க. பூச வேண்டியது வெள்ளீயம், காரீயம் (லெட்) இல்ல. காரீயம் விலை கம்மி, ஆனா விஷம், சில பேர் ரெண்டையும் கலந்து பூசிர்றாங்க. பூசுறதுக்கு முன்னாடி குச்சிய வாங்கி காதுகிட்ட வச்சு வளைச்சுப் பாருங்க, சுத்தமான வெள்ளீயம்னா கிரீச்சுனு ஒரு சத்தம் வரும், அழுகுற மாதிரி. காரீயம் சத்தமே போடாம வளையும், வெள்ளைத்தாள்ல இழுத்தா பென்சில் மாதிரி கருப்புக் கோடு விழும். கேக்க கூச்சப்படாதீங்க, நல்ல வேலைக்காரன் கோவிச்சுக்க மாட்டான், அவனே வளைச்சுக் காட்டுவான்.

வெளிப்பக்கத்துக்கு புளியும் சாம்பலும் போதும். ஆசிட் வேண்டவே வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒருத்தவுக வீட்டு பித்தளைக் குத்துவிளக்க சீக்கிரம் பளிச்சுனு ஆக்கிரலாம்னு ஆசிட்ல முக்கினேன், எடுத்துப் பாத்தா அங்கங்க ரோஸ் கலரு. பித்தளையில இருக்கிற துத்தநாகத்த ஆசிட் தின்னுட்டு செம்ப மட்டும் மேல விட்டுருச்சு. அதை மறுபடி மஞ்சளாக்க நாலு நாள் தேய்ச்சேன், தேய்ச்ச தேய்ப்புல விளக்குல இருந்த அன்னத்தோட மூக்கு மழுங்கிப்போச்சு. அவுக ஒன்னும் சொல்லல, அதான் எனக்கு இன்னும் உறுத்துது.

பள்ளத்தூர்ல எங்க ஐயா கட்டுன வீட்டு முகப்பு நிலைக்கதவு பர்மா தேக்கு. நடுவுல யாரோ பச்சை எனாமல் பெயின்ட் அடிச்சிருக்காங்க, மூணு நாலு கோட் இருக்கும் போல. எடுக்க முடியுமா?
*வாசகர், சென்னை*

முடியும் தம்பி, ஆனா பொறுமை இருந்தாத்தான். ஆசாரிங்கள்ல அவசரக்காரங்க ரெண்டு தப்பு பண்ணுவாங்க. ஒன்னு காஸ்டிக் சோடா, தேக்கு கறுத்துப்போயிரும், அப்புறம் எந்த எண்ணெய் போட்டாலும் அந்தக் கறுப்பு போகாது. இன்னொன்னு சாண்டிங் மெஷின். அந்தக் கதவுல கஜலட்சுமி இருக்காளா? மெஷின் விட்டா மூஞ்சி சப்பையாயிரும். சமதளமா இருக்கிற இடத்துக்கு ஹீட் கன், செதுக்கு இருக்கிற இடத்துக்கு பெயின்ட் ரிமூவர், அப்புறம் மூங்கில் குச்சியையும் பழைய டூத் பிரஷ்ஷையும் வச்சு நோண்டி எடுக்கணும், ஒரு கதவுக்கு பத்து பதினஞ்சு நாள் ஆகும். பழைய பெயின்ட்ல காரீயம் கலந்திருக்க வாய்ப்பு நிறைய, அதனால பெயின்ட் புகையிற அளவுக்கு சூடு காட்டக்கூடாது, காயவச்சு சுரண்டாம ஈரத்தோட எடுக்கணும், மாஸ்க் போடணும், சின்னப் பிள்ளைகள அங்கிட்டு விடக்கூடாது. முடிஞ்சதும் ஆளி விதை எண்ணெய் மெல்லிசா ரெண்டு மூணு தடவை, ஒவ்வொன்னும் நல்லா காஞ்ச பிறகு அடுத்தது. எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி மூலையில போட்டுறாதீங்க, தானா தீப்பிடிக்கும், கொடியில விரிச்சு காயப்போடுங்க.

கீல் பக்கம், தாழ்ப்பாள் பக்கம் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தா இருக்கட்டும், விட்ருங்க. அடிச்சவரும் உங்க வீட்டு ஆளுதானே.

ஆத்தங்குடி தரையில மாடிக்குப் போற இடத்துல வெள்ளை வெள்ளையா படை விழுந்திருக்கு, வேலைக்கார அம்மா பாத்ரூம் கழுவுற ஆசிட்ட ஊத்திட்டாங்க. என்ன பண்ணலாம்?
*வாசகி, கோட்டையூர்*

இந்த வாரம் ஆசிட் வாரம் போல. ஆத்தங்குடி கல்லு சூளையில சுட்டது இல்லீங்க, சிமெண்ட்டு. கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் சிமெண்ட்ட கையால ஊத்தி, மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணித்தொட்டியில ஊறவச்சு எடுக்குறது, அந்தக் கண்ணாடியோட வழவழப்புதான் கல்லுல வர்ற பளபளப்பு. ஆசிட் அந்த மேல்தோல தின்னுருச்சு, இனி பாலிஷ் போட்டு அத திரும்ப கொண்டுவர முடியாது. ஓரளவு மங்கி ஒத்துப்போக, வெறும் தண்ணியில துடைச்சு, காஞ்சதும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால லேசா துடைங்க, தினம் நடக்க நடக்க சேந்துரும். ரொம்ப உறுத்துச்சுன்னா அந்த நாலு கல்ல மட்டும் மாத்துங்க. ஒரு கல்ல எடுத்துட்டு நேரா ஆத்தங்குடி பட்டறைக்கே போங்க, போட்டோ காட்டி ஆர்டர் பண்ணா கலர் தப்பா வரும்.

அப்பச்சியோட கணக்குப்பெட்டிய சிங்கப்பூருக்கு கொண்டுபோகலாமா? நூறு வருஷம் ஆச்சுன்னு வீட்ல சொல்றாக.
*வாசகர், சிங்கப்பூர்*

வீட்ல சொல்றது நெஜம்னா கொண்டுபோக முடியாது. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டுன கைவினைப் பொருள் வெளிநாட்டுக்குப் போகக்கூடாது. நூறு ஆகலைன்னா மத்திய தொல்லியல் துறைகிட்ட காட்டி இது தொல்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு கொண்டுபோங்க, இல்லேன்னா ஏர்போர்ட்ல பெட்டி நின்னுரும், நீங்க மட்டும் போகணும்.

தஞ்சாவூர் ஓவியத்துல கண்ணாடிக்கு உள்ள பூஞ்சை. ஈரத்துணியால துடைக்கலாமா?
*வாசகி, காரைக்குடி*

ஐயோ வேண்டாம். தங்க ரேக்குக்கு அடியில இருக்கிறது சுண்ணாம்புப் பொடியும் பசையும், ஈரம் பட்டா உப்பி உதிந்துரும். கண்ணாடிய நீங்களா கழட்ட வேண்டாம், பெயின்ட் ஒட்டிட்டு வந்துரும். வெளிச்சுவர்ல மாட்டியிருந்தா இன்னைக்கே எடுத்து உள்சுவருக்கு மாத்திட்டு என்கிட்ட கொண்டுவாங்க.

எங்க அப்பத்தா கொட்டான், அதான் பனை ஓலைக் கூடை, முடைவாக. இப்ப கை நடுங்குது. நான் கத்துக்கணும்னு ஆசை, ஆனா வேலைக்கும் போறேன். கோர்ஸ் எதுவும் இருக்கா? லோன் கிடைக்குமா?
*வாசகி, கீழச்சீவல்பட்டி*

கோர்ஸ் எதுக்கு தங்கச்சி, வீட்லயே அப்பத்தா இருக்காகளே. கை நடுங்குனா என்ன, வாயி நடுங்கலையே. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்காருங்க, செல்போன ஒரு டம்ளர்ல சாச்சு வச்சு அவுக விரல மட்டும் வீடியோ எடுங்க. சதுர அடியில இருந்து வாய் வட்டமா திரும்புற இடம் இருக்கு பாருங்க, அங்கதான் எல்லாருக்கும் கோணிக்கும், அத நாலு தடவை பிரிச்சு மறுபடி முடையச் சொல்லுங்க. ஓலை எப்பவும் லேசா ஈரமா இருக்கணும், இல்லேன்னா மடிக்கிற இடத்துல விரிசல் விடும்.

கொட்டான் கிட்டத்தட்ட போயே போச்சுன்னு இருந்தது, எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கூடைதான். விசாலாட்சி ராமசாமி ஆச்சி அறக்கட்டளை வச்சு இந்தப் பக்கத்துப் பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துதான் மறுபடி உயிர் வந்துச்சு, இப்ப செட்டிநாடு கொட்டானுக்கு புவிசார் குறியீடே இருக்கு.

லோனுக்கு தமிழக அரசோட கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கு, 3 லட்சம் வரைக்கும் கடன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபா மானியம். மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க. ஆனா 35 வயசு ஆகியிருக்கணுமாம். கைத்தொழில் கத்துக்க வேண்டிய வயசுல இருக்கிறவுகள வெளிய நிறுத்திட்டு கத்து முடிச்சவுகளுக்கு மட்டும் குடுத்தா எப்படின்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

பி.காம் முடிச்சிட்டேன். உங்க பட்டறையில வேலை கத்துக்க வரலாமா? அம்மா திட்டுறாங்க.
*வாசகர், கானாடுகாத்தான்*

வாங்க தம்பி. முதல் ஆறு மாசம் உளி தீட்டுறது, பெயின்ட் சுரண்டுறது, கழட்டுன ஆணிய நிமித்தி டப்பாவுல போடுறது, இதுதான் வேலை, சம்பளம் கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் எட்டு பேர் வந்து ஏழு பேர் போயிட்டாங்க. நின்ன பையன் பி.ஏ., அவனும் முதல் வாரம் அழுதவன்தான். திட்டுற அம்மாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, வர்றப்ப வீட்ல ஈயம் போன பாத்திரம் எதாச்சும் கிடந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அன்னைக்கு பெரியவரையும் வரச் சொல்றேன், மணலும் புளியும் போட்டு தேய்க்கிறது நீங்க.