தீபாவளி முதல் தை வரை: பார்லருக்கு எப்போது போவது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 43. சென்ற தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை, பார்லரில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து நரைக்குச் சாயம் போட்டுக்கொண்டேன். விடியற்காலையில் மாமியார் எண்ணெய் வைத்துவிட, சீயக்காய் தேய்த்துக் குளித்தபோது குளியலறைத் தரையெல்லாம் பழுப்பு நீர் ஓடியது. மதியத்திற்குள் வகிட்டோரம் செம்பட்டை தெரிந்தது. இந்த ஆண்டு எந்த நாளில் போவது?
– தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மாமியாரின் எண்ணெயைக் குறை சொல்வதற்கு முன் அந்த மாலைப் பொழுதைச் சற்று நினைத்துப் பாருங்கள். நிரந்தரச் சாயத்தில் இருக்கும் அமோனியா போன்ற காரப்பொருள் முடியின் மேற்செதில்களை விரியச் செய்ய, உள்ளே நுழையும் நிறமற்ற சிறு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து பெரிதாகி, நிறம் பெற்று, வெளியே வர முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. இதற்குப் பெரும்பாலான சாயங்களில் 30 முதல் 45 நிமிடம் ஆகும். நரைமுடி சாயத்தை எளிதில் ஏற்காது என்பதால் அதற்கு முழு நேரமும் தேவை. வாசலில் பத்துப் பேர் காத்திருக்கும் தீபாவளி மாலையில் அந்த 35 நிமிடம் 20 நிமிடமாகச் சுருங்குவதும், அலசுவதும் அரைகுறையாக முடிவதும் நான் பலமுறை பார்த்த காட்சி. தரையில் ஓடியது பெரும்பாலும் அலசாமல் விட்ட மிச்சச் சாயம்தான். செம்பட்டைக்குக் காரணம் முழுமையாக ஏறாத நிறமாக இருக்கலாம்.

எண்ணெய்க்கும் ஒரு பங்கு உண்டு. நல்லெண்ணெயை எடுக்கச் சீயக்காயை அழுத்தித் தேய்க்காமல் முடியாது. புதிதாகச் சாயமிட்ட முடிக்கு அந்தத் தேய்ப்பு ஆகாது. சாயமிட்ட பிறகு இரண்டு மூன்று நாளாவது தலைக்குக் குளிக்காமல் இருப்பது நல்லது. மறுபக்கம், முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். மூன்று வாரம் முன்பே சாயமிட்டால் பண்டிகையன்று வகிட்டில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். எனவே தீபாவளிக்கு ஆறு அல்லது ஏழு நாள் முன்பு, வார நாள் ஒன்றில் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இடையில் ஒருமுறை மென்மையான ஷாம்பூவால் அலசிவிட்டால் மிச்சச் சாயமும் போய்விடும். தீபாவளியன்று பெரியவர்கள் உச்சியில் மூன்று சொட்டு எண்ணெய் வைத்து ஆசீர்வதிக்கட்டும். மீதி எண்ணெயை உடம்புக்குத் தேய்த்துக்கொண்டு, தலைக்குச் சீயக்காய்க்குப் பதில் ஷாம்பூ போட்டுக்கொண்டால் சாஸ்திரமும் கெடாது, சாயமும் கெடாது.

இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. அடர்நிறச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பிபிடி என்ற பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். பல ஆண்டுகள் பயன்படுத்தியவருக்கும் திடீரென்று அது வரலாம். ‘பிளாக் மெஹந்தி’ என்று விற்கும் பொடிகளிலும் அது கலந்திருப்பதுண்டு. காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதே சோதனை. முந்தைய நாள் மாலை போகிறவருக்கு இதற்கு நேரமே கிடையாது.

கேள்வி: டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அலுவலகத்தின் ஆண்டு இறுதி விருந்து, பிறகு கிறிஸ்துமஸ், அதன் பின் புத்தாண்டு இரவு. முடி வெட்டுவது, கலர், கெரட்டின் மூன்றையும் விருந்துக்கு முந்தைய சனிக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடலாமா?
– கோவையிலிருந்து ஒரு வாசகி

பதில்: வேண்டாம். கெரட்டின் என்பது முடியில் கலவை பூசி, சூடான இஸ்திரியால் நேராக்கி வழவழப்பாக்குவது. அதைச் செய்த மூன்று நாளைக்குப் பொதுவாக முடியை நனைக்கவோ, கட்டவோ, கிளிப் போடவோ, காதுக்குப் பின் ஒதுக்கவோ கூடாது என்பார்கள். அந்த நாட்களில் முடி மண்டையோடு ஒட்டிப் படிந்து கிடக்கும். மேலும், இஸ்திரி போடும் சூட்டில் புதிய கலர் ஒரு படி வெளுத்துப்போவதும் உண்டு. நவம்பர் கடைசி வாரத்தில் கெரட்டினை முடித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து, அதாவது விருந்துக்கு ஐந்தாறு நாள் முன்பு, கலர் போட்டுக்கொள்ளுங்கள். நுனி வெட்டுவதை அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நீளத்தையே குறைத்துப் புது வெட்டுக்கு மாறுவதாக இருந்தால் அதை நவம்பருக்கே தள்ளிவிடுங்கள். பிடிக்காமல் போனாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும். நவம்பரில் செய்த கெரட்டின் புத்தாண்டைத் தாண்டியும் நிற்கும்.

சில கெரட்டின் கலவைகள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு ஆவியை வெளியிடும். கண் எரிந்து, தொண்டை கமறினால் அதுதான் அறிகுறி. ஜன்னல் இல்லாத, ஏசி மட்டும் ஓடுகிற அறை என்றால் வேறு கடை பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டவே வேண்டாம். மருதாணி போடும் பழக்கம் இருந்தால் அதையும் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பாக்கெட் மருதாணிகள் சிலவற்றில் உள்ள உலோக உப்பு பெராக்சைடுடன் சேர்ந்தால் முடி சூடேறிப் பொரிந்துவிடும்.

முன்பதிவு செய்யும்போது நேரத்தை மட்டும் கேட்காமல், உங்கள் தலையில் கை வைக்கப் போவது யார் என்றும் கேளுங்கள். டிசம்பர் 24, 31 ஆகிய இரு நாட்களும் உங்கள் பட்டியலில் இருக்கவே கூடாது. இன்னொரு சிறு சேதி: 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் பழைய வரி இருந்தால் கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: செவ்வாய், வெள்ளி, அமாவாசை, பிறந்த நட்சத்திரம் எதிலும் முடி வெட்டக் கூடாது என்கிறார் அம்மா. பிறகு எப்போதுதான் போவது?
– மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

பதில்: அம்மா சொல்வதைக் கழித்தாலும் மாதத்தில் ஏறத்தாழ இருபது நாள் மிஞ்சும். புதன், வியாழன் முற்பகல் இரு தரப்புக்கும் பொருந்தும். நம் ஊரில் சிறிய முடிதிருத்தகங்கள் பலவற்றுக்குச் செவ்வாய்தான் வார விடுமுறை. அன்று திறந்திருக்கும் பெரிய பார்லர்களில் கூட்டமும் இருக்காது. நாள் கிழமை பார்க்காத தோழிகளிடம் இந்த ரகசியத்தைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் கணவர் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொள்வார். டிசம்பர் இறுதியில் மாலை கழற்றியதும் புத்தாண்டு விருந்து. 41 நாள் தாடியை எப்போது எடுப்பது?
– திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி

பதில்: விருந்தன்று காலையில் மட்டும் வேண்டாம். வளர்ந்த தாடியில் நேரடியாகக் கத்தி வைத்தால் தோல் தடித்துப் பொரிப்பொரியாகிவிடும். இரண்டு நாள் முன்பே முதலில் டிரிம்மரால் குறைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பிறகு மழித்துக்கொள்ளட்டும். வெயில் படாத தாடைப் பகுதி வெளுத்துத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிடாமல் இருப்பார்.

கேள்வி: தை மாதம் எனக்குத் திருமணம். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் பார்லர்கள் சும்மாதானே இருக்கும், பொங்கல் கழித்துச் சொன்னால் போதாதா?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: மார்கழியில் நின்ற திருமணங்கள் எல்லாம் தையின் முதல் சில முகூர்த்தங்களில் மொத்தமாக வந்து விழும், நல்ல கைக்காரருக்கு ஒரு முகூர்த்தத்தில் ஒரு மணப்பெண்தான். மண்டபம் உறுதியான அன்றே அவருக்கும் முன்பணம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்கிற அந்த மார்கழியின் ஓய்வை ஒத்திகைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒத்திகைக்குப் போகும்போது அன்று வைக்கப் போகும் சவுரியையும், ஜடை நாகத்தையும், நான்கு முழம் மல்லிகையையும் எடுத்துச் செல்லுங்கள். பாரம் ஏறினால்தான் பின்னல் எங்கே தளர்கிறது என்பது தெரியும். முகூர்த்தத்தன்று அதிகாலை தலைக்குக் குளித்த முடி வழுக்கிக்கொண்டே போகும், ஊசி நிற்காது. முந்தைய நாள் காலையிலேயே குளித்து நன்றாக உலர்த்திவிட்டு, அதன் பிறகு எண்ணெய் வைக்காமல் விடுங்கள்; நலங்கில் உச்சியில் தொடும் எண்ணெய் மட்டும் விதிவிலக்கு, அதையும் வகிட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள்.