புல்வெட்டியில் லோடர் மாட்டக் கேட்ட தம்பிக்கு

தம்பி, வீட்டோடு வந்த, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி டிராக்டரில் முன்பக்க லோடர் (பக்கெட்டில் மண்ணையும் பனியையும் அள்ளித் தூக்கும் கை) மாட்டலாமா, அதைத் தூக்க எண்ணெயைத் தள்ளும் பம்ப் எது வாங்கலாம், பக்கெட் எவ்வளவு அகலம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பம்பும் பக்கெட்டும் அப்புறம். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து முன் ஆக்சிலை, அதாவது முன் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் குறுக்குத் தண்டைப் பாருங்கள்.

இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம் நானும் இதே கேள்வியோடு அலைந்தேன். வீட்டுக்கு நீளமான சரளைப் பாதை, குளிர்காலம் முழுக்க அதில் பனி, கையில் ஒரு மண்வாரி. எனக்கு முன்னால் வந்த நம்மவர்களைக் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம் என்றார்கள். லோடர் முதல் தடவை தூக்கிய அன்று எடுத்த படத்தைக் காட்டினார்கள். அடுத்த மாதம் எது உடைந்தது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 120 செ.மீ. என்று வையுங்கள். பக்கெட்டின் நடுப்பகுதி முன் ஆக்சிலுக்கு 60 செ.மீ. முன்னால் இருக்கிறது. அதில் 100 கிலோ ஏற்றினால் முன் ஆக்சிலில் இறங்குவது 150 கிலோ. பின்னால் 50 கிலோ குறைந்துவிடும். லோடரின் சொந்த எடை இதில் சேரவில்லை. 100 லிட்டர் பக்கெட்டில் ஈரமண்ணை நிரப்பினால் 150 கிலோவையே தாண்டும். சாதாரணப் புல்வெட்டியின் முன் ஆக்சில் வளைத்த தகடு. சக்கரத்துக்குள் பேரிங் இருக்காது, வெறும் புஷ், அதாவது ஒரு குழாய் வளையம்தான். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸும் மெல்லிய தகடு. புல் வெட்ட அது போதும், மண் சுமக்க அது செய்யப்படவில்லை.

என் வண்டியில் முதலில் போனது ஸ்டியரிங். பாரத்தோடு நின்ற இடத்திலேயே திருப்பினேன், விசிறி மாதிரி இருக்கும் பல்சக்கரத்தில் மூன்று பல் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் பக்கெட்டை உயரத் தூக்கியபடி சரிவில் இறங்கினேன். பிரேக்கை மிதித்தேன். இந்த வண்டிகளுக்குப் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். பின்னால் எடை இல்லை, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது, வண்டி மட்டும் சறுக்கிக்கொண்டே போனது. லோடரின் வால்வைத் தள்ளி பக்கெட்டைத் தரையில் இறக்கியதால் நின்றேன். கீழே வேலியோரம் என் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வெல்டிங்கை முறையாகக் கற்றுக்கொண்டேன். வார்ப்பிரும்பு முன் ஆக்சில் உள்ள பழைய கார்டன் டிராக்டர் (சாதாரணப் புல்வெட்டியைவிடக் கனமான வண்டி) ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஜான் டீர் 318 போன்ற பழைய வண்டிகளில் ஹைட்ராலிக்கும் (எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் அமைப்பு) பவர் ஸ்டியரிங்கும் கம்பெனியிலிருந்தே வரும், பம்ப் தேடி அலைய வேண்டாம். லோடரின் சட்டத்தைப் பின் ஆக்சில் வரை இழுத்துக் கட்டினேன், பாரம் சேஸிஸின் முன்பகுதியை மட்டும் வளைக்காமல் இருக்க. பின் சக்கரத்தில் எடை நிற்க, பின் ஆக்சிலுக்கும் பின்னால் கான்கிரீட் நிரப்பிய பெட்டியைத் தொங்கவிட்டேன். பாரத்தோடு போகும்போது பக்கெட் முழங்காலுக்கு மேலே போகாது. பதினோரு குளிர்காலம் ஓடிவிட்டது. இப்போது அக்கம்பக்கத்தார் வெல்டிங் வேலைக்கு என்னைத்தான் தேடி வருகிறார்கள், அதில் எனக்குப் பெருமைதான்.

இன்னொன்று, எண்ணெய் போகும் ஹோஸில் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்கும்படி ஆகலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தூக்கி நிற்கும் பக்கெட்டுக்கு அடியில் எதற்காகவும் கையை விடாதீர்கள்.

பக்கெட் அகலம், பெயின்ட் எல்லாம் உங்கள் இஷ்டம். முன் ஆக்சிலை மட்டும் துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தகடா, வார்ப்பா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.