பீச் சாக்கர் விளையாடிய ஒருவர் பயிற்சியாளராக மாறினால் அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். கடற்கரைக் கால்பந்து ஆடியவருக்குப் பயிற்சியாளர் ஆக வழி உண்டா என்பது ஒன்று. ஆடிய அனுபவம் அந்த வேலைக்கு எவ்வளவு உதவும் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடைசிக்காரன். தூத்தூருக்கும் நீரோடிக்கும் நடுவில் உள்ள கடற்கரை ஊர்களில் ஒன்று. நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அதாவது கேரளம். இந்தப் பக்கம் அடித்த பந்தை எடுக்க அந்தப் பக்கம் போய்தான் வளர்ந்தோம். எங்கள் கரையில் ஆண்பிள்ளைக்கு இரண்டு காரியம் தெரிந்திருக்க வேண்டும்: கடலுக்குப் போவது, பந்து தட்டுவது. பொழியூரைச் சந்தோஷ் டிராபி (மாநில அணிகள் மோதுகிற தேசியக் கால்பந்துப் போட்டி) ஆட்டக்காரர்களின் ஊர் என்றே சொல்வார்கள். இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்கே ஆடினார். அவர் ஆடிய அன்று எங்கள் ஊரில் ஒரு டிவிக்கு முன்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் நாங்கள் சின்ன வயதில் ஆடியது பாதி பீச் சாக்கர்தான். அலை வந்து போகிற ஈர மணலில் ஆடுவோம். அது சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கும், பந்து உருளும். இரண்டு துடுப்பை நட்டால் கோல். உண்மையான பீச் சாக்கர் காய்ந்த, கால் புதைகிற மணலில் ஆடுவது. குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் பொலபொலவென்று இருக்க வேண்டும் என்பது விதி. ஆடுகளம் 35 முதல் 37 மீட்டர் நீளம், 26 முதல் 28 மீட்டர் அகலம். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர், வெறுங்கால். 12 நிமிடம் வீதம் மூன்று பகுதி. சமனில் முடிகிற ஆட்டமே கிடையாது, கூடுதல் நேரம், அப்புறம் பெனால்டி என்று யாராவது ஒருவர் ஜெயித்தாக வேண்டும். வெளியே போன பந்தை நான்கு விநாடிக்குள் உள்ளே போட வேண்டும். ஃப்ரீகிக் அடிக்கும்போது எதிரணி சுவர் கட்டி நிற்க முடியாது. நான் ஆடிய காலத்து விதிப்படி, யாரைத் தள்ளிவிட்டார்களோ அவனேதான் எழுந்து உதைக்கவும் வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே எனக்கு இந்த ஆட்டத்தைப் பிடிக்கும்.

பதினாறு வயதில் ஆரம்பித்து முப்பத்துநாலு வரை ஆடினேன். திருவிழாக் காலத்துக் கடற்கரைப் போட்டிகள், ஈஸ்டர் போட்டிகள், நடுவே மலப்புரம் பக்கம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டங்கள். செவன்ஸில் ஒரு இரவு ஆட்டத்துக்குக் கையில் காசு கொடுப்பார்கள். இரண்டு சீசன் தங்கல் மீன்பிடிக்கு, அதாவது நாள்கணக்கில் கடலில் தங்கிப் பிடிக்கிற வேலைக்குப் போகாமல் அந்தக் காசில் வீட்டை ஓட்டியிருக்கிறேன்.

எங்கள் அணியின் கோல்கீப்பர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பீச் சாக்கரில் தாக்குதல் கோல்கீப்பரின் கையிலிருந்துதான் தொடங்கும். எதிரணி அடித்த பந்து கோல்கோட்டுக்கு வெளியே போனால், அதைக் காலால் உதைக்காமல் கையால்தான் எறிந்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். இரையுமன்துறைப் பொழிமுகத்தில், ஆறு கடலில் சேர்கிற இடத்தில், வீச்சுவலை எறிந்து பழகிய கை அவருடையது. இடுப்பை ஒரு திருப்பு, முழங்கை பின்னால் போகும், பந்து அந்தக் கோடியில் நிற்கிற என் நெஞ்சுக்கு வந்து இறங்கும். நான் அண்ணாந்து பார்க்கவே வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அவர் போன படகு திரும்பவில்லை. எங்கள் அணியும் அதோடு முடிந்தது. நாங்கள் முடித்துவிடுகிறோம் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை, யாரும் பந்தை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊர்ப் பையன்கள் சிலர் வந்து, "அண்ணே, எங்களுக்குச் சொல்லித் தாங்க" என்றார்கள். அப்படித்தான் நான் பயிற்சியாளர் ஆனேன். கையில் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. பதினெட்டு வருஷம் ஆடியவனுக்குச் சொல்லித் தருவதா பெரிய காரியம் என்றுதான் இறங்கினேன்.

முதல் வருஷம் கஷ்டமே தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கடற்கரைப் பிள்ளைகள். "இப்படி அடி மக்களே" என்று அடித்துக் காட்டினால் போதும், செய்துவிடுவார்கள். நான் நல்ல பயிற்சியாளன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம், கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டுகிற வேலை. எங்கள் ஊரில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்க வந்தவன், வயது பதினாலு. பள்ளி மைதானத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை, அப்படி ஓடுவான். மணலுக்கு வந்ததும் கால் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் வந்து கேட்டான். "சார், கால் புதையுது. நீங்க எப்படி ஓடுறீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "ஓடு, வந்துரும்" என்றேன். ஒரு மாதம் ஆகியும் வரவில்லை.

ஒருநாள் விடியற்காலை, யாரும் மிதிக்காத காய்ந்த மணலில் அவனையும் என்னையும் பக்கத்துப் பக்கத்தில் இருபது அடி ஓடவைத்தேன். அப்புறம் இருவரும் குனிந்து தடத்தைப் பார்த்தோம். அவனுடைய தடம் நீளமான குழி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வால் மாதிரி மணல் இழுபட்டிருந்தது. என்னுடையது சின்னச் சின்னக் குழிகள், நறுக்கென்று வட்டமாக, நெருக்கமாக. அவன் மூன்று அடி வைக்கிற இடத்தில் நான் ஐந்து வைத்திருந்தேன். புல்லில் ஓடுகிற மாதிரி அவன் தரையைப் பின்னால் தள்ளுகிறான், மணல் அந்தத் தள்ளலை வாங்கித் தின்றுவிடுகிறது. நான் தள்ளாமல் காலை மேலே தூக்கி எடுக்கிறேன். முழங்கால் உயரும், அடி குட்டையாகும். இதை நான் யாரிடமும் கற்றதில்லை, அப்படி ஓடுகிறேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தத் தடம்தான். ஆடியதெல்லாம் காலில் இருந்தது, வாயில் ஒரு சொல்கூட இல்லை. அதைச் சொல்லாக மாற்ற இரண்டு வருஷம் பிடித்தது. ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்து, நானே என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பந்து உருளாத தரையில் பாஸை எப்படிக் கொடுப்பது? விரல்களைப் பந்துக்கு அடியில் மணலோடு சேர்த்து நுழைத்து, ஒரு கரண்டி சோறு அள்ளுகிற மாதிரி அள்ளி, பந்து முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே அடுத்த தொடுகை. இதை அந்தப் பையனுக்குச் சொல்ல "அள்ளு, தொடு, கொடு" என்று மூன்று சொல் கண்டுபிடித்தேன். கடற்கரைப் பிள்ளைகளுக்கும் இப்போது அதே மூன்று சொல்தான். முன்பைவிட அவர்களும் நன்றாக ஆடுகிறார்கள். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஃப்ரீகிக்கும் அப்படித்தான். டிவியில் பார்த்திருப்பீர்கள், அடிப்பதற்கு முன் ஆட்டக்காரர் மண்டியிட்டு மணலைக் குவித்து அதன் மேல் பந்தை வைப்பார். நான் வருஷக்கணக்காக அதைச் செய்தவன். எவ்வளவு உயரம் என்று அந்தப் பையன் கேட்டபோது கையால் அளந்து பார்த்தேன்: நான்கு விரல். கோல்கீப்பருக்கு மேலாக இறக்க வேண்டும் என்றால் ஆறு விரல். குவியலின் முன்பக்கத்தைத் தட்டி இறுக்க வேண்டும், பின்பக்கத்தை, அதாவது கால் வருகிற பக்கத்தை, லேசாக விட வேண்டும். இல்லையென்றால் கால்விரல் இடித்து நகம் போகும். என் வலது பெருவிரல் நகம் இரண்டு முறை போயிருக்கிறது.

பயிற்சிக்கு முன் நாங்கள் செய்கிற ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். எல்லாரும் தோளோடு தோள் வரிசையாக நின்று, இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை பாதத்தால் மணலைத் துழாவிக்கொண்டே நடப்போம். தூண்டில் முள், பாட்டில் சில்லு, நைலான் வலைத் துண்டு, உடைந்த சிப்பி. கிடைத்ததை ஒரு பெயிண்ட் வாளியில் போடுவோம். முதலில் முள் எடுப்பவனுக்கு அன்று கேப்டன் பட்டை. ஒருநாள்கூட வாளி காலியாகத் திரும்பியதில்லை.

வெளியே பார்த்தால், ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆன கதைகளில் எனக்குப் பிடித்தது பிரெஞ்சு ஆட்டக்காரர் எரிக் கான்டோனாவுடையது. புல்தரைக் கால்பந்தை 1997இல் முப்பது வயதில் விட்டவர், மணலுக்கு வந்தார். 2005இல் ஃபிஃபா முதல் முறையாக நடத்திய பீச் சாக்கர் உலகக் கோப்பை ரியோ டி ஜெனிரோவில். அதை வென்ற பிரான்ஸ் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர், அணியில் ஆட்டக்காரராகவும் இருந்தார். பிரேசிலின் சொந்த மணலில் நடந்த போட்டி அது. அதே ரியோவின் கோபகபானா கடற்கரையில் 1995இல் நடந்த முதல் உலகப் போட்டியில் புல்தரையில் பேர் வாங்கிய ஜீக்கோவும் ஜூனியரும் பிரேசிலுக்கு ஆடியிருந்தார்கள்.

என் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது தஹிதியைப் பற்றி. பசிபிக் கடலில் இருக்கிற பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளில் ஒன்று அது. அந்தத் தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் நம் குமரி மாவட்ட மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு வராது. அந்த அணி 2015, 2017 இரண்டு உலகக் கோப்பையிலும் இறுதி ஆட்டம் வரை போனது. போர்ச்சுகலிடம் ஒரு முறை, பிரேசிலிடம் ஒரு முறை தோற்றது. தோற்றதைச் சொன்னதும் பையன்கள் முகம் வாடும். இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள் மக்களே, அதைக் கவனியுங்கள் என்பேன்.

சரி, வழி உண்டா என்ற கேள்வி. நம் நாட்டில் இந்த ஆட்டத்துக்குத் தேசியப் போட்டி வந்ததே 2023 தொடக்கத்தில்தான், சூரத்தின் டுமாஸ் கடற்கரையில். கேரளம் இறுதி ஆட்டத்தில் பஞ்சாபை 13–4 என்று ஜெயித்தது. எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. போனில் பார்த்தேன். சந்தோஷமும் இருந்தது, தொண்டை அடைக்கவும் செய்தது. எங்கள் அண்ணன் அந்தக் கோல்கம்பத்துக்கு நடுவில் நிற்க வேண்டியவர். அதே வருஷம் கோவாவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியிலும் பீச் சாக்கர் இடம்பெற்றது. 2025இல் இந்திய அணி தாய்லாந்தின் பட்டாயாவுக்கு ஆசியக் கோப்பை ஆடப் போனது. ஆக, என் காலத்தில் இல்லாத ஏணி இப்போது ஒரு படி, இரண்டு படி என்று வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் இதை நம்பி மட்டும் குடும்பம் நடத்த முடியாது, இதை மறைக்க விரும்பவில்லை. நான் பிழைப்பது படகில் மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின் பழுது பார்த்து. ஒரு தனியார் பள்ளியில் மாதம் எட்டாயிரத்துக்குப் பகுதிநேரப் பயிற்சியாளராக இருந்தேன். நாலு மாதச் சம்பளம் பாக்கி வைத்து, போட்டியில் கோப்பை வாங்கிய பிறகு ஆள் தேவையில்லை என்றார்கள். அந்தப் பிள்ளைகள் இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள். சான்றிதழ் என்று பார்த்தால், புல்தரைக் கால்பந்தின் டி லைசென்ஸில் தொடங்கி சி, பி, ஏ என்று போகிற பாதையில் நுழைந்துவிடுங்கள். நான் தாமதமாகத்தான் டி முடித்தேன். மணலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரப் பயிற்சியை எப்படிப் பிரிப்பது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் கற்றேன். அது இல்லாமல் ஆடிய பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இறங்க வேண்டாம்.

காசைவிட எனக்குப் பெரிய கவலை மணல்தான். ஜூனில் கடல் பொங்கி மணலை அள்ளிக்கொண்டு போகும், மழைக்காலம் முடிந்து டிசம்பருக்குள் திருப்பித் தரும். சின்ன வயதில் அப்படித்தான் பார்த்தேன். இப்போது எடுப்பது அதிகம், தருவது குறைவு. அலைத் தடுப்புச் சுவரின் கருங்கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போன வருஷம் ஆடுகளத்தின் அகலத்துக்குச் சரியாக இடம் இருந்தது. இந்த ஜனவரியில் காலடியால் அளந்தேன், பத்தொன்பது மீட்டர்கூட வரவில்லை. பந்து ஒரு பக்கம் கல்லில் விழுகிறது, இன்னொரு பக்கம் கடலில் விழுகிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூவார்ப் பொழிமுகத்து மணல்திட்டுக்குப் போகிறோம். நெய்யாறு கடலில் சேர்கிற இடம், மணல் முழங்கால் வரை புதையும், மாவு மாதிரி. அங்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு நான் மாஷ் (மலையாளத்தில் வாத்தியார்), எங்கள் பிள்ளைகளுக்கு அண்ணன், அருமனைப் பையனுக்கு மட்டும் இன்னும் சார். அவனுக்கு இப்போது பத்தொன்பது வயது, சின்னப் பிள்ளைகளுக்குத் தடம் பார்க்கக் கற்றுத் தருவது அவன்தான்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. பக்கத்தில் என்றால் ஒரு ஞாயிறு வாருங்கள். காலை ஐந்தரைக்கு டெம்போ கிளம்பிவிடும். ஷூ எடுத்து வர வேண்டாம்.